பனிக்காலத்தில் ஊட்டியில் தங்க வருகிறீர்களா? லாட்ஜ்காரி சொல்கிறேன்

தை மாதத்தில் கல்யாணமாகி மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்தவள் நான். வருஷம் 1997. வந்த மறுநாள் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே தேங்காயெண்ணெய் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. உதறினேன், தட்டினேன், குச்சி விட்டுக் குத்தினேன். பார்த்துக்கொண்டிருந்த அத்தை, அடுப்போரம் இருந்த எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். "பாட்டில்ல வாங்கினா இங்க ஆகாதும்மா. வாயகன்ற டப்பாவுல ஊத்தி வெச்சுக்கிட்டு ஸ்பூனால சுரண்டிக்கணும்."

மாமனார் நாலு அறையோடு ஆரம்பித்த லாட்ஜ். இப்போது ஒன்பது அறை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஃபிங்கர்போஸ்ட் பக்கம். பேரைச் சொல்லி விளம்பரம் பண்ணப் போவதில்லை. எங்களைப் போலக் குடும்பமாக நடத்துகிற லாட்ஜ்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் இருக்கின்றன. பனிக்காலத்தில் அப்படி ஓர் இடத்தில் தங்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் கீழேயிருந்து வந்தவள்தான் என்பதால் உங்களுக்கு எது தெரியாது என்று எனக்குத் தெரியும்.

பெரிய ஹோட்டலில் வெந்நீருக்கு ஓர் ஆள், சாப்பாட்டுக்கு ஓர் ஆள், கம்பளிக்கு ஓர் ஆள் இருப்பார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் நாலு பேர்தான். நான், வீட்டுக்காரர், மகன், சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கிற அக்கா. ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் கதவைத் தட்டினால் எழுந்து வருவது, காலை ஐந்தரைக்கு உங்களுக்கு டீ போட்ட அதே ஆள். அதனால் எதுவானாலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு அரிசிக் கஞ்சி, பாட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர்ப் பை, விடியற்காலை நாலரைக்கு ஆட்டோ, எதுவும் நடக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு வந்து நின்று "பனீர் பட்டர் மசாலா இருக்கா?" என்றால் மட்டும் நடக்காது.

எப்போது வருவது

டிசம்பர் பிறந்ததும் வந்து இறங்கி "பனி எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் பனி இரண்டு விதம். அக்டோபர், நவம்பரில் விழுவது நீர்ப்பனி. புல்லையும் செருப்பையும் நனைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிப்ரவரி வரை விழுவது உறைபனி. புல்வெளி, கார் கூரை, கேரட் தோட்டம் எல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். நீங்கள் போட்டோவில் பார்த்து ஆசைப்பட்டது இதைத்தான். காஷ்மீர் மாதிரி வானத்திலிருந்து கொட்டுவது கிடையாது. அதை எதிர்பார்த்து பூட்ஸ் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

உறைபனிக்குக் காலண்டர் மட்டும் போதாது, வானமும் ஒத்துழைக்க வேண்டும். மேகம் மூடிய ராத்திரியில் தரையின் சூடு வெளியே போகாமல் நிற்கும், கம்பளி போர்த்தின மாதிரி. பனி உறையாது. நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, இலை அசையாமல் இருக்கிற ராத்திரிதான் விடியும்போது வெள்ளையாக விடியும். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால், ஊட்டியில் மூடுபனியும் தூறலுமாகத்தான் இருக்கும். குளிர் எலும்பில் இறங்கும், உறைபனி மட்டும் கண்ணில் படாது. டிசம்பர் முதல் பாதியில் இந்தத் தொந்தரவு அதிகம்.

தாவரவியல் பூங்காவில் பூச்செடிகள் மேல் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கிளைகளைப் போர்த்திவிடுவார்கள். காலையில் புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். பனியில் கருகாமல் இருக்கத்தான். லாட்ஜுக்குப் போன் போட்டு "கார்டன்ல மிலார் போட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிற ஆள் விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்வோம், வாடகையும் ஒழுங்காகச் சொல்வோம்.

என்னைக் கேட்டால் பொங்கல் விடுமுறை முடிந்தபின், ஜனவரி மூன்றாவது, நாலாவது வாரம், செவ்வாயிலிருந்து வியாழன் வரை. கூட்டம் இருக்காது, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பகலில் 20 டிகிரியை ஒட்டி, விடியற்காலை 5, 6 டிகிரி. தெளிந்த ராத்திரியானால் ஊருக்குள் பூஜ்யம் வரை போகும், தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் அதற்கும் கீழே இறங்கும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும், பொங்கல் நாலு நாளும் எல்லோரும் வாடகையை ஏற்றுவோம். நாங்களும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

இன்னொன்று, ஜனவரி தொடக்கத்தை ஒட்டி படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். வெள்ளை உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கோவிலுக்குப் போவார்கள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். எங்கள் சமையல் அக்கா கோத்தகிரிப் பக்கத்துப் படுகர். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் மூன்று நாள் வரமாட்டார். அப்போது சமையலறையில் நான் ஒருத்திதான். தோசை, தக்காளி சாதம், முட்டை ஆம்லெட். அதற்கு மேல் கேட்டால் பஜாரில் சாப்பிட்டு வரச் சொல்லிவிடுவேன்.

அறை கேட்கும்போது

ஆப்பில் பதிவு செய்தாலும் ஒரு போன் போட்டுப் பேசுங்கள். முதல் கேள்வி, "எந்த ரூமுக்குக் காலை வெயில் வரும்?" வியூ கேட்பவர்கள் நூறு பேர் என்றால் வெயில் கேட்பவர் இரண்டு பேர்தான். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி இறங்கிப் போய்ப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தாக்கைப் பார்த்த அறைதான் போட்டோவுக்கு அழகு, உடம்புக்கு ஆகாது. கிழக்குப் பார்த்து, மாடியில், மரத்தளம் போட்ட அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் 4ஆம் நம்பர் அப்படித்தான், ஏழரைக்கெல்லாம் கட்டில் மேலேயே வெயில் விழும். 7ஆம் நம்பருக்கு ஜன்னல் முழுக்கப் பள்ளத்தாக்கு, ஆனால் பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். புதுசாகக் கல்யாணமானவர்கள் எல்லோரும் 7ஐத்தான் கேட்பார்கள். மறுநாள் காலையில் கம்பளியோடு வந்து "ஆன்ட்டி, 4 காலியா?" என்பார்கள்.

"ஃபயர் பிளேஸ் இருக்கு" என்று சொன்னால், "எரியுமா?" என்று கேளுங்கள். வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் பலதில் புகைபோக்கியை அடைத்துவிட்டு நெருப்பு எரிந்த இடத்தில் டிவியை வைத்திருப்பார்கள். எரியும் என்றால் விறகுக்குத் தனிக் காசா, ஒரு கட்டு எத்தனை மணி நேரம் தாங்கும், என்ன மரம் என்றும் கேட்டுவிடுங்கள். நீங்கள் யூகலிப்டஸ் என்பதை நாங்கள் கற்பூர மரம் என்போம். அது சட்டென்று பிடித்துக்கொண்டு வாசனையாக எரிந்து தீர்ந்துவிடும். சீகை மரம் நின்று எரியும். பற்றவைக்க கற்பூர மரம், ராத்திரிக்குக் காய்ந்த சீகை. ஈர விறகைக் கொண்டுவந்து கொடுத்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள்.

வாடகை வண்டியில் வருகிறவர்கள் டிரைவர் எங்கே படுப்பார் என்பதையும் அதே போனில் பேசிவிடுங்கள். ஜனவரி ராத்திரியில் ஊட்டியில் காருக்குள் படுப்பது என்பது தண்டனை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. எங்களிடம் டிரைவர்களுக்கு என்று மூன்று கட்டில் போட்ட அறை இருக்கிறது. இல்லாத இடத்தில் ஒரு எக்ஸ்ட்ரா பெட்டாவது கேட்டு வாங்கிக் கொடுங்கள். மறுநாள் உங்களைக் கொண்டை ஊசி வளைவில் இறக்கப் போகிறவர் அவர்தான்.

மூட்டையில் என்ன வைப்பது

ஒரு தடி ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய துணி மேல். உள்ளே தெர்மல், நடுவில் ஏதாவது பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர் அல்லது காற்றுப் புகாத ஜாக்கெட். பதினொரு மணிக்கு வெயில் ஏறும், ஒவ்வொன்றாகக் கழற்றுவீர்கள். நாலரைக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதும் ஒவ்வொன்றாக மாட்டுவீர்கள். காலுறை ஆளுக்கு நாலு ஜோடி. துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், தூறல் பிடித்தால் மூன்று நாளானாலும் துணி காயாது. அதனால்தான் மழை நாட்களில் பெட்ஷீட்டைத் தினம் மாற்றச் சொன்னால் எனக்கு முகம் மாறிவிடுகிறது. வெயில் அடித்த நாளில் நீங்கள் கேட்காமலே கம்பளியை மொட்டை மாடியில் காயப் போட்டுக் கொண்டுவந்து தருவேன்.

உதட்டுக்கு வாஸ்லின், முகத்துக்கு ஏதாவது க்ரீம் அவசியம். குளிரில் வெயில் தெரியாது, ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் அது நன்றாகவே கருக்கிவிடும். தேங்காயெண்ணெய் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். நீலகிரித் தைலம் இங்கே வாங்கிக்கொள்ளலாம், வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்க நல்லது. கைக்குழந்தையின் மூக்கில் மட்டும் தடவாதீர்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்த்துப் பிடுங்குவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டிலும் ஒரு ஃப்ளாஸ்க்கும் போதும். வழியில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், லாட்ஜில் கொதிக்க வைத்த தண்ணீர் எந்நேரமும் கிடைக்கும்.

மேலே ஏறுவது

சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாளே எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ரயில் பிடித்தவர்கள் சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் ஆகும், அது வேறு சுகம். ஆனால் வடகிழக்குப் பருவமழை எங்களுக்குக் குன்னூர்ப் பக்கம்தான் அதிகம் கொட்டும். தண்டவாளத்தில் மண் சரிந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் பயணத்துக்கு மலை ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள், ஜனவரி கடைசியானால் நம்பலாம்.

மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6க்குத்தான் திறக்கும். திரும்பும்போது மசினகுடிக்குக் கல்லட்டி வழியைக் கூகுள் குறுக்கு வழியாகக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, ஒரே இறக்கம். வெளியூர் வண்டியை அதில் இறங்க விடமாட்டார்கள். கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் லாட்ஜுக்கு வந்து சேருகிற மாதிரிப் பாருங்கள். இருட்டில் மூடுபனியோடு வளைவு ஏறுவது ஒரு காரணம். அறைக்குள் பகல் சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடலாம் என்பது இன்னொன்று. தாமதமானால் குன்னூரிலிருந்து ஒரு போன் போடுங்கள். கெய்சரைப் போட்டு வைப்பேன்.

வெந்நீர்க் கணக்கு

வருஷா வருஷம் எனக்கு வருகிற புகாரில் முக்கால்வாசி இதுதான். "கெய்சர் வேலை செய்யலீங்க. ரெண்டு பக்கெட்டுக்கு மேல பச்சைத் தண்ணியாத்தான் வருது." கெய்சர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிற என் தம்பி ஒரு முறை காகிதத்தில் போட்டுக் காட்டினான், அன்றிலிருந்து அதையே எல்லோருக்கும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் எங்கள் அறையிலும் இருப்பது அதே 25 லிட்டர், 2 கிலோவாட் கெய்சர். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வருகிறது. 60 டிகிரிக்குக் காய்ந்த 25 லிட்டரோடு அதைக் கலந்து குளிக்கிற பதத்துக்கு, அதாவது 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 65 லிட்டருக்கு மேல் கிடைக்கும். நாலு பக்கெட். இங்கே மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் 10 டிகிரி. அதே 25 லிட்டரோடு கலந்தால் 42 லிட்டர்தான் தேறும். இரண்டரைப் பக்கெட். அது தீர்ந்த பிறகு மறுபடி காய முக்கால் மணி நேரம் ஆகும். ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் ஐந்தே நிமிஷத்தில் தீர்ந்துபோகும்.

ஆகவே ஷவரை மறந்துவிடுங்கள், பக்கெட்டில் பிடித்துக் குளியுங்கள். நாலு பேர் என்றால் இரண்டு பேர் காலையில், இரண்டு பேர் சாயங்காலம். வயசானவர்கள் காலை பதினொரு மணிக்கு, வெயில் ஏறினபின் குளிக்கட்டும், விடியற்காலை ஸ்நானம் வீட்டிலேயே இருக்கட்டும். எங்களிடம் பின்கட்டில் விறகு போட்டுக் காய்ச்சுகிற பெரிய அண்டா ஒன்று இருக்கிறது. அது அத்தை காலத்தது. ஆறிலிருந்து எட்டு வரை எரியும். ராத்திரியே "ரெண்டு பக்கெட் அண்டாத் தண்ணி வேணும்" என்று சொல்லிவைத்தால் மகன் தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். கற்பூர மரப் புகை வாசனையோடு வருகிற அந்தத் தண்ணீரில் ஒரு தரம் குளித்தவர்கள் கெய்சர் பக்கம் போகமாட்டார்கள்.

கெய்சரும் ரூம் ஹீட்டரும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 4 கிலோவாட். பழைய வீட்டு ஒயர் தாங்காமல் ஃபியூஸ் போகும், உங்கள் அறையோடு பக்கத்து அறையும் இருட்டாகும். பாத்ரூமுக்குள் கேஸ் கெய்சர் மாட்டியிருக்கிற லாட்ஜாக இருந்தால் அறையை மாற்றிக் கேளுங்கள். அது வெளிச்சுவரில் இருக்க வேண்டிய சாமான்.

ராத்திரி

கம்பளிக்குள் போவதற்கு அரை மணி முன்னால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துவிடுங்கள். ஹீட்டரை வைத்து அறை முழுக்கச் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது சுலபம். ஹீட்டரைத் தூங்கும் முன் அணைத்துவிடுங்கள், அதன் மேல் ஈரக் காலுறையைக் காயப்போடாதீர்கள். ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள்.

ஜன்னல் பற்றி நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏழெட்டு வருஷம் முன்பு, கீழேயிருந்து ஆறு பையன்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், வந்ததும் "அக்கா, அக்கா" என்று வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டார்கள். முற்றத்தில் கேம்ப் ஃபயர் கேட்டார்கள், போட்டுக் கொடுத்தோம். பாட்டெல்லாம் பாடி முடித்துப் பத்தரைக்கு உள்ளே போனார்கள். நான் பின்கேட்டைப் பூட்டப் போனவள், வழக்கம்போல நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்றலாம் என்று பார்த்தால் அங்கே நெருப்பே இல்லை. வெறும் சாம்பல். சுவரோரம் சாத்தி வைத்திருந்த சிமென்ட் சட்டியையும் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தேன். முற்றத்திலிருந்து 2ஆம் நம்பர் வாசல் வரை அங்கங்கே சாம்பல் சிந்தியிருந்தது.

கதவைத் தட்டித் திறக்கவே நேரமாயிற்று. கீழ்ச் சந்தில் துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள், ஜன்னல் கொக்கி போட்டிருந்தது. நடுத்தரையில் சட்டி நிறையக் கங்கு, சிவப்பாக, புகையே இல்லாமல். அறை அவ்வளவு இதமாக இருந்தது. பொய் சொல்வானேன், உள்ளே காலை வைத்ததும் எனக்கே ஒரு நொடி "அப்பாடா" என்றிருந்தது. கட்டிலில் கிடந்த ஒரு தம்பி, "தலை ரொம்ப வலிக்குதுக்கா, மலை மேல வந்ததால இருக்கும்" என்றான். சாக்கை நனைத்துச் சுற்றிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வீட்டுக்காரர் ஜன்னல்களைத் திறந்து, ஆறு பேரையும் கம்பளியோடு முற்றத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஒருவன் வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு விடியக் காலையில் திரும்பினோம்.

கங்கிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, கண் எரியாது, தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் சொக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படிக் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்களில் சிலர் எழுந்திருக்கவே இல்லை. பார்பிக்யூ அடுப்பு, கரி, கங்கு எதுவும் கூரைக்குக் கீழே வரக்கூடாது. "அணைஞ்சிடுச்சு" என்று தோன்றினாலும் கூடாது. குளிர் தாங்கவில்லை என்றால் என்னை எழுப்புங்கள், இன்னொரு கம்பளி தருகிறேன். எழுப்பினதற்காக நான் இதுவரை யாரையும் திட்டியதில்லை.

ஒன்பது மணிக்கு மேல் டார்ச் இல்லாமல் பின்சந்துப் பக்கம் போகாதீர்கள். கரடி வரும். சாப்பாட்டு மிச்சத்தைக் காரிலோ வராந்தாவிலோ வைத்தால் நிச்சயம் வரும். காட்டெருமையும் நடமாடும். பார்த்தால் பேசாமல் ஒதுங்கி நில்லுங்கள், போன் வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிக்காதீர்கள்.

சாப்பாடு

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லுங்கள். எட்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவோம். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குக் கிட்டவே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர பருப்பு வேகாது. குக்கரில் கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஆறு. "பத்து நிமிஷத்துல சாம்பார்" என்பதெல்லாம் இங்கே கிடையாது.

இட்லி கேட்பவர்கள் இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். ஜனவரியில் மாவு புளிக்க எனக்கு முப்பது மணி நேரம் ஆகிறது. அரைத்த மாவைத் தூக்குவாளியில் ஊற்றி, பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுவிட்டு, அண்டா எரிந்த அடுப்பின் வெதுவெதுப்பில் வைப்பேன். மாவு வாளிக்கு ஸ்வெட்டர் போட்டிருப்பதைப் பார்த்து ஒரு குழந்தை "அதுக்கும் குளிருதா பாட்டி?" என்று கேட்டது. ஆமாம், அதுக்கும் குளிருது.

அவசரம் இல்லாதவர்களுக்கு அக்காவின் அவரைக்காய்க் குழம்பும் களியும் சொல்லுங்கள். சாயங்காலம் டீயோடு மொறுமொறுவென்ற வர்க்கி பிஸ்கெட். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கிடைப்பதற்கு முன்பும் இதே ருசிதான். தேயிலை வாங்குவதென்றால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் பறித்த பனிக்கால இலையைக் கேளுங்கள். குளிரில் செடி மெதுவாகத் துளிர்ப்பதால் வாசனை கூடுதல். பால் ஊற்றாமல் குடித்தால்தான் அது தெரியும். எனக்குப் பால் ஊற்றித்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

உறைபனி பார்க்க

ஐந்தே முக்காலுக்கு எழுந்திருங்கள். வெயில் பட்டதும் பத்து நிமிஷத்தில் கரைந்துவிடும். ஏழரைக்குப் போய் நின்றால் ஈரப் புல்தான் மிச்சம். பழைய குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைக்குந்தா, பள்ளமாக, மரமில்லாத புல்வெளி எதுவானாலும் சரி. தலைக்குந்தாவில் வேலி தாண்டி வனத்துறை நிலத்துக்குள் இறங்காதீர்கள், அபராதம் போடுவார்கள். புல்லை மிதிக்கும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பார்ப்பதைவிட அதைக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

கார் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். போன வருஷம் ஒருவர் என்னிடமே வெந்நீர் வாங்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டார். குளிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஏசியைச் சூட்டில் வைத்துப் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுங்கள், அல்லது பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிவிடுங்கள். பைக்கில் வந்தவர்கள் சீட்டுக்கு ராத்திரியே ஒரு சாக்குப் போட்டுவிட்டால் காலையில் நனைந்த பேன்ட்டோடு ஊர் சுற்ற வேண்டாம்.

கிளம்பும்போது

காலை எட்டரைக்கு முன்னால் மலை இறங்காதீர்கள், வளைவுகளில் ஈரம் காயட்டும். இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் மேட்டுப்பாளையம் போகிற வழியில் வருகிற பர்லியாருக்குள் கருகல் வாசனை வரும். எதிரே ஏறுகிற வண்டிக்கு நின்று வழி விடுங்கள்.

அறையில் ஏதாவது குறை இருந்திருந்தால் காசு கொடுக்கும்போது என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்குப் போய் ஒரு ஸ்டார் போடுவதைவிட அது சீக்கிரம் சரியாகும். ஃப்ளாஸ்க்கைக் கொடுத்தால் இஞ்சி டீ ஊற்றித் தருவேன், அதற்குக் காசு கிடையாது.

வண்டியில் ஏறும் முன் ஸ்வெட்டர் பாக்கெட்டை ஒரு தரம் தடவிப் பாருங்கள். பர்லியார் தாண்டி வேர்க்க ஆரம்பித்து ஸ்வெட்டரைக் கழற்றும்போதுதான் அறைச் சாவி கையில் தட்டுப்படும். 4ஆம் நம்பர் சாவி மட்டும் இதுவரை மூன்று தடவை மேட்டுப்பாளையம் போய் பஸ் கண்டக்டர் கையில் திரும்பி வந்திருக்கிறது.